ஒரு பிளக்கில் எண்ணெய்: ரிங் போய்விட்டதா?

ஜூன் 3, காலை

ஸ்பார்க் பிளக் பற்றிய கேள்வி இது: "நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். ஐடிலிங்கில் உதறுகிறது, மேடு ஏறும்போது மிஸ் அடிக்கிறது. எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டரில் தீ பிடிக்காமல் மிஸ் அடிக்கிறது என்ற பிழைக் குறியீடு. நான்கு பிளக்கையும் கழற்றிப் பார்த்தேன். மூன்றாவது பிளக் முழுக்க எண்ணெய். மற்ற மூன்றிலும் காய்ந்த கரி. பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். பிளக்கில் எண்ணெய் என்றால் ரிங் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?"

ஜூன் 3, மதியம்

அப்படி இல்லை. எண்ணெய் பிளக்கின் எந்தப் பக்கத்தில் இருந்தது? அதைச் சொல்லாமல் ரிங் பற்றிப் பேசிப் பயன் இல்லை.

பிளக்கில் ஒரு வாஷர் இருக்கிறது. அதற்கு மேலே இருப்பதெல்லாம் எஞ்சினுக்கு வெளியே: ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணம், வெள்ளைப் பீங்கான், உச்சியில் காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) பொருந்தும் முனை. வாஷருக்குக் கீழே மரை, அதன் அடியில் தீப்பொறி வரும் முனைகள். இவைதான் எரியும் அறைக்குள் இருப்பவை. எண்ணெயை அந்த அறைக்குள் விடாமல் தடுக்கும் ரிங்கோ வால்வ் சீலோ விட்டிருந்தால் எண்ணெய் கீழ்ப்பக்கம்தான் வரும். மேல்பக்கம் எண்ணெய் இருந்தால் அது எஞ்சினின் மேல் மூடியான டேப்பெட் கவரிலிருந்து வந்தது. பிளக் உட்கார்ந்திருக்கும் குழியைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் உண்டு. அது காய்ந்து கடினமானால் எண்ணெய் கசிந்து குழியில் தேங்கும். சீல் மாற்றுவது சின்ன வேலை. ரிங் மாற்றுவது அப்படி இல்லை.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. குழியில் எண்ணெய் தேங்கி இருக்கும்போதே பிளக்கைக் கழற்றினால் அது மரை வழியாக இறங்கி அடிமுனை வரைக்கும் நனைத்துவிடும். கைக்கு வரும்போது முழு பிளக்கும் எண்ணெயில் குளித்திருக்கும். "முழுக்க எண்ணெய்" என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு இதுதான் தோன்றுகிறது.

இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க வழி இருக்கிறது. துணியால் அடிமுனையைத் துடையுங்கள். கழற்றும்போது வழிந்த எண்ணெய் என்றால் துடைத்ததும் போய்விடும், அடியில் பீங்கான் மூக்கு வழக்கமான நிறத்தில் தெரியும். உள்ளே எரிந்த எண்ணெய் அப்படிப் போகாது. பீங்கான் மூக்குக்கும் சுற்றியிருக்கும் இரும்பு ஓட்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய வளையப் பள்ளம் இருக்கும். டார்ச் அடித்து அதற்குள் பாருங்கள். எண்ணெய் குடிக்கும் சிலிண்டரில் அந்தப் பள்ளம் மினுமினுக்கும் கருப்புப் பொருக்கால் அடைந்திருக்கும், நகத்தால் சுரண்டினாலும் விடாது.

ஜூன் 3, மாலை

இன்னொன்று. கழற்றிய பிளக்குகளை வரிசை கலைக்காமல் வையுங்கள். ஒரு அட்டையில் நாலு துளை போட்டு 1, 2, 3, 4 என்று எழுதிச் செருகிவிட்டால் போதும். ஒரு பிளக்கைத் தனியாகக் கையில் எடுத்து நிறம் பார்ப்பவர்கள் ஜோசியம் சொல்கிறார்கள். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் வரும். நான்கும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் கோளாறு பொதுவான இடத்தில்: பெட்ரோல் அழுத்தம், ஏர் ஃபில்டர், சென்சார், தவறான ரக பிளக். ஒன்று மட்டும் வேறுபட்டால் கோளாறு அந்தச் சிலிண்டரில்.

ஜூன் 4

பதில் வந்துவிட்டது. பீங்கான் மேல்பகுதியிலும் காயில் ரப்பருக்கு உள்ளேயும் எண்ணெய் இருந்ததாம். அடிமுனையைத் துடைத்ததும் கருஞ்சாம்பல் நிறம், பொருக்கு இல்லை. ரிங் பேச்சை இப்போதைக்கு மூட்டை கட்டலாம்.

அடுத்து அவர் கேட்பது நல்ல கேள்வி: "எண்ணெய் மூன்றாவதில் மட்டும்தானே, மற்ற மூன்றிலும் கரி ஏன்?"

காரணம் ஆக்சிஜன் சென்சார். சைலன்சர் குழாயில் இருக்கும் அந்தச் சென்சாருக்குப் பெட்ரோலைப் பார்க்கத் தெரியாது, ஆக்சிஜனை மட்டும்தான் தெரியும். மூன்றாவது சிலிண்டரில் தீ பிடிக்காதபோது உள்ளே இழுத்த காற்று எரியாமல் அப்படியே வெளியே போகிறது. அதோடு பெட்ரோலும் போகிறது, ஆனால் சென்சார் கண்ணில் படுவது மீந்த ஆக்சிஜன் மட்டுமே. "கலவையில் பெட்ரோல் குறைவு" என்று அது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவுக்குச் சொல்கிறது. இசியு எல்லாச் சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது. ஒழுங்காக வேலை செய்யும் மூன்றும் தேவைக்கு மேல் பெட்ரோல் குடித்துக் கரி பிடிக்கின்றன. நோய் மூன்றாவதுக்கு, கஷாயம் நான்கு பேருக்கும்.

ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம் பாருங்கள், இசியு பெட்ரோலைக் கூட்டிய அல்லது குறைத்த அளவு அது. கரி பிடித்த பிளக்குகள் இருக்க, டிரிம் +15, +20 சதவீதம் என்று காட்டினால் இந்தக் கதைதான். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகி நிஜமாகவே பெட்ரோல் அதிகமாகப் போயிருந்தால் டிரிம் மைனஸில் நிற்கும். சில இசியுக்கள் மிஸ் அடிக்கும் சிலிண்டருக்குப் பெட்ரோலையே நிறுத்திவிடும், திருத்தம் செய்வதையும் விட்டுவிடும். அந்த வண்டிகளில் இந்தக் கணக்கு பொருந்தாது.

விளக்கு நிலையாக எரிகிறதா, விட்டு விட்டு மின்னுகிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. மின்னினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே இருக்கும் தேன்கூட்டுப் பீங்கான் உருகிவிட்டால் செலவு எங்கேயோ போய்விடும்.

ஜூன் 4, இரவு

சரி, எதையும் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. மூன்றாவது காயிலை இரண்டாவதில் போடுங்கள், இரண்டாவது காயிலை மூன்றாவதில். மூன்றாவது பிளக்கை நான்காவதில் போடுங்கள், நான்காவதை மூன்றாவதில். இன்ஜெக்டரைத் தொடாதீர்கள். ஸ்கேனரில் பழைய பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு, முன்பு மிஸ் அடித்த அதே மேட்டில் ஏற்றுங்கள்.

பி0302 வந்தால் காயில், அல்லது அதோடு வரும் ரப்பர். பி0304 வந்தால் பிளக். திரும்பவும் பி0303தான் என்றால் இன்ஜெக்டர், ஒயரிங், கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) என்று தேட வேண்டும். இதற்குக் காசு செலவில்லை. யூகத்தில் நாலு காயிலும் வாங்கி மாட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

மாட்டுவதற்கு முன் குழியில் இருக்கும் எண்ணெயைத் துணி விட்டு ஒற்றி எடுத்துவிடுங்கள். காற்றடித்துக் குப்பையையும் வெளியேற்ற வேண்டும், அதுவும் பிளக் உள்ளே இருக்கும்போதே. பிளக்கை எடுத்த பிறகு ஊதினால் மண் நேராகச் சிலிண்டருக்குள் போகும்.

ஜூன் 5

மேலே சொன்ன இடமாற்று வித்தை ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள எஞ்சினுக்கு. ஒரு காயில் இரண்டு பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் அமைப்பும் உண்டு. அதில் பெரும்பாலும் 1, 4 ஒரு ஜோடி, 2, 3 இன்னொரு ஜோடி. ஜோடியில் இரண்டுமே மிஸ் அடித்தால் காயிலைச் சந்தேகப்படலாம். ஒன்று மட்டும் அடித்தால் முதலில் ஒயரும் பிளக்கும்.

இந்த அமைப்பில் பிளக் பார்க்கும்போது குழம்ப வேண்டாத ஒன்று: ஜோடியில் ஒரு பிளக்கில் மின்சாரம் நடு முனையிலிருந்து ஓரத்துக்குப் பாய்ந்தால், மற்றதில் ஓரத்திலிருந்து நடுவுக்குப் பாயும். அதனால் ஒன்றில் நடு முனை அதிகம் தேயும், மற்றதில் வளைந்த ஓரப் பட்டை அதிகம் தேயும். தேய்மானம் வேறுபடுவது அங்கே நோய் இல்லை. நடு முனையில் மட்டும் விலையுயர்ந்த உலோகம் வைத்த பிளக்கை இதில் போட்டால் பாதிப் பிளக்குகளின் ஓரப் பட்டை சீக்கிரம் கரைந்துவிடும்.

ஜூன் 6

"பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் வைத்து ஸ்டார்ட்டர் அடித்தேன், நீலமாகப் பொறி வருகிறது. அப்படியானால் காயில் நன்றாகத்தானே இருக்கிறது?" என்று ஒருவர் நடுவில் புகுந்து கேட்கிறார்.

வெளியே பொறி வந்தால் வெளியே வருகிறது என்று மட்டும்தான் அர்த்தம். திறந்த காற்றில் அந்தச் சிறு இடைவெளியைத் தாண்டக் கொஞ்சம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் காற்று அழுந்தி இருக்கும்போது அதே இடைவெளிக்குப் பல மடங்கு வேண்டும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது உள்ளே காற்று இன்னும் நெருக்கம், தேவைப்படும் வோல்ட் இன்னும் அதிகம். நோஞ்சான் காயில் ஐடிலிங்கில் சமாளித்துவிட்டு மேட்டில் கைவிடுவது இதனால்தான். மின்சாரம் சோம்பேறி, உள்ளே தாண்டுவதை விட ரப்பரைத் துளைத்து வெளியே போவது சுலபம் என்றால் அப்படியே போய்விடும். இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சோதிக்கும் வீரர்களுக்கு: பல்லாயிரம் வோல்ட். பிளக் துளை திறந்திருக்கும்போது அதிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், பக்கத்தில் நீங்களே பொறி காட்டுகிறீர்கள். பம்ப் ஃபியூஸைக் கழற்றாமல் இதைச் செய்யவே கூடாது.

ஜூன் 7

பிழைக் குறியீடு பி0302க்கு மாறிவிட்டது! காயிலோடு நோயும் நடந்து போயிருக்கிறது.

காயிலின் ரப்பர் குழாயைத் தனியாக உருவி, நீளவாக்கில் பிளந்து உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். எண்ணெயில் ஊறி ரப்பர் உப்பி வழவழவென்று இருக்கிறது. உள்சுவரில் மேலிருந்து கீழாக, பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லிய கருங்கோடு. மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் அதற்கு நேராக இன்னொரு கோடு, உச்சியிலிருந்து அறுகோணம் வரை. பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தும் போகவில்லை என்கிறார். போகாது. மின்சாரம் பீங்கானின் வெளிப்பரப்பில் ஓடி ஓடிக் கருக்கிய பாதை அது.

ரப்பரை மட்டும் மாற்றிப் பழைய பிளக்கை வைத்தால் பிளக்கில் இருக்கும் கோடு புது ரப்பரைக் கருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் ரப்பர் புது பிளக்கைக் கெடுக்கும். இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும், அதற்கு முன் குழி சீல். பல காயில்களில் ரப்பர் தனியாகக் கிடைக்கும், முழுக் காயில் வாங்க வேண்டியதில்லை. புது ரப்பரின் வாயில் சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள், அடுத்த முறை ஒட்டாமல் வரும்.

ஜூன் 7, பின்னிரவு

நான் பயந்தபடியே இன்னொருவர் தன் வண்டியின் பிளக் படத்தோடு வந்து "எனக்கும் கோடு" என்கிறார். அது கோடு இல்லை, வளையம். அறுகோணத்துக்குச் சற்று மேலே பீங்கானைச் சுற்றித் தேன் நிறத்தில் கறை. உயர் மின்னழுத்தத்தால் பீங்கானைச் சுற்றி உண்டாகும் மின்புலம் காற்றில் இருக்கும் எண்ணெய்த் துகள்களை இழுத்து ஒட்டவைக்கிறது. கம்ப்ரெஷன் கசிவு என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள், இல்லை. மேலிருந்து கீழே ஓடும் கருங்கோடு கெடுதல். சுற்றி வரும் பழுப்பு வளையம் ஒன்றும் செய்யாது.

ஜூன் 9

நிற அட்டவணை கேட்கிறார்கள். பழைய புத்தகங்களில் வண்ணப் படம் இருக்கும்: காப்பிப் பொடி நிறம் என்றால் ஆரோக்கியம், வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை, கருப்பு என்றால் அதிகம். அந்தக் காப்பிப் பொடி நிறத்தில் ஈயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் எஞ்சின் நாக் அடிக்காது (கலவை தறிகெட்டு வெடித்துக் கடகடக்காது) என்று 1921இல் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு நெடுங்காலம் உலகம் முழுக்க ஈயப் பெட்ரோல்தான். கார்களுக்கு அதைக் கடைசியாக விற்ற நாடு அல்ஜீரியா, 2021இல் நிறுத்தியது. ஈயம் இல்லாத பெட்ரோலில், இன்ஜெக்ஷன் வண்டியில், நன்றாக ஓடும் எஞ்சினின் பிளக் வெளிறித்தான் இருக்கும். தந்த நிறம், லேசான சாம்பல், சில சமயம் கிட்டத்தட்ட வெள்ளை. அதைப் பார்த்துவிட்டுக் கலவை சரியில்லை என்று அலறுவது வீண்.

நிஜமாகவே சூடு அதிகமான பிளக் வேறு மாதிரி இருக்கும். பீங்கானில் கண்ணாடிப் பளபளப்பு அல்லது கொப்புளம், முனைகளின் ஓரம் மழுங்கி நீலம் பாய்ந்திருக்கும். வெள்ளை என்பதை விட இவைதான் சாட்சி. செங்கல் நிறப் படிவு இருந்தால் பெட்ரோலில் கலக்கும் மாங்கனீசு அல்லது இரும்புச் சேர்மத்தைச் சந்தேகப்படலாம். அது கெட்டியாகப் படிந்தால் மின்சாரத்தைக் கடத்தி மிஸ் அடிக்க வைக்கும்.

எந்த நிலையில் எஞ்சினை அணைத்தீர்கள் என்பதும் முக்கியம். பத்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டுவிட்டுக் கழற்றினால் எல்லா பிளக்கும் கருப்பு. பீங்கான் மூக்கு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள ஏறக்குறைய 450–500 டிகிரி வெப்பம் வேண்டும். ஐடிலிங்கிலும் குறுகிய ஓட்டத்திலும் அதை எட்டாது. நல்ல வேகத்தில் ஓட்டி வந்து, எஞ்சினை அணைத்து, ஆறிய பிறகு பாருங்கள். ஆறிய பிறகு என்பது முக்கியம், சூட்டில் எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டிலிருந்து பிளக்கைத் திருகினால் மரையும் கூடவே வரலாம்.

ஜூன் 9, மாலை

பூதக்கண்ணாடி ஒன்று வாங்கி வையுங்கள். என்னிடம் வந்த ஒரு வண்டி ஆக்சிலேட்டர் மிதித்தால் கடகடவென்று நாக் அடித்தது. வெறும் கண்ணுக்குப் பிளக்கில் மிளகு தூவியது போல் சில புள்ளிகள், அவ்வளவுதான். கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பீங்கான் மூக்கின் ஒரு பக்கத்தில் வெள்ளிப் பொட்டுகள், ஒவ்வொன்றும் உருகி உருண்டு உறைந்த துளி. கரி அப்படி மின்னாது. அது அலுமினியம், அந்தச் சிலிண்டரில் அலுமினியம் வேறு எங்கிருந்து வரும்? பிஸ்டன் தலையிலிருந்துதான். வண்டியை அங்கேயே நிறுத்தச் சொன்னேன். பிரித்தபோது பிஸ்டன் ஓரம் அரிக்கத் தொடங்கியிருந்தது, துளை விழவில்லை.

ஜூன் 12

அழுக்கான பிளக்கைப் பற்றியே பேசுகிறோம், அதிசுத்தமான பிளக்குக்கும் பயப்பட வேண்டும். பழைய வண்டி ஒன்றை விலை பேசும்போது பிளக் பார்த்தேன். மூன்று வழக்கம் போல. ஒன்று மட்டும் கழுவித் துடைத்த மாதிரி வெள்ளை, முனைகளில் கூட ஒரு துகள் இல்லை. விற்பவருக்கு ஒரே பெருமை, "பாருங்கள், எவ்வளவு சுத்தம்!" எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் டப்பாவைத் திறந்தால் அளவு கீழே. ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் தகடான ஹெட் காஸ்கெட் வழியாகக் கூலன்ட் கசிந்து, ஒவ்வொரு முறை எரியும்போதும் ஆவியாகி அந்த அறையைக் கழுவிக்கொண்டிருந்தது. வாங்கவில்லை.

உறுதி செய்ய: ரேடியேட்டரில் அழுத்தம் ஏற்றி, பிளக்கைக் கழற்றி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் துளை வழியாகச் சின்னக் கேமரா விட்டுப் பிஸ்டன் தலை நனைந்திருக்கிறதா பாருங்கள். நனைந்திருந்தால் உள்ளே தண்ணீரோடு ஸ்டார்ட்டர் அடிக்காதீர்கள்.

ஜூன் 13

பழைய டிஸ்ட்ரிபியூட்டர் (ஒரே காயிலின் மின்சாரத்தை ஒயர் வழியாக எல்லா பிளக்குக்கும் பிரித்துத் தரும் பாகம்) வண்டி வைத்திருப்பவருக்கு. ஈரக் காலையில் மட்டும் மிஸ் என்றால் பிளக்கைக் கழற்ற வேண்டாம். இருட்டில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, ஒயர்கள் மேல் தெளிப்பானில் தண்ணீரைப் பனி மாதிரி அடியுங்கள். ஒயரில் விரிசல் இருக்கும் இடத்தில் நீலப் பொறி குதிக்கும். ஒயரைத் தொட வேண்டாம், விசிறியிலிருந்து கை தள்ளியே இருக்கட்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்பக்கத்திலும் அதே பென்சில் கோடு தேடுங்கள்.

ஜூன் 15

முதலில் கேட்டவர் எழுதுகிறார்: சீல், ரப்பர், நான்கு பிளக் எல்லாம் மாற்றியாயிற்று, மேட்டில் உதறல் இல்லை, டிரிம் மெல்ல இறங்கி வருகிறது. நல்லது. எண்ணெய் அளவை மட்டும் அடுத்த சர்வீஸ் வரை கண்காணியுங்கள். ரிங் நன்றாக இருக்கிறது என்று நான் நிரூபிக்கவில்லை, இந்த மிஸ்ஸுக்கு ரிங் காரணம் இல்லை என்பது மட்டும்தான் தெரிந்தது. மனசு கேட்காவிட்டால் கம்ப்ரெஷன் பார்த்துவிடுங்கள்.

கடையில் அவரிடம் "ஒரு நம்பர் கூட வாங்குங்கள், சூடு தாங்கும்" என்றார்களாம். எந்தக் கம்பெனி நம்பர்? என்ஜிகே, டென்சோவில் எண் ஏற ஏற பிளக் குளிர்ந்த ரகம், அதாவது சூட்டை வேகமாக ஹெட்டுக்குக் கடத்தும். பாஷ், சாம்பியனில் எண் ஏற ஏற சூடான ரகம். ஒரு கம்பெனியின் கணக்கை இன்னொன்றில் போட்டால் தலைகீழாகிவிடும். வண்டிப் புத்தகத்தில் இருப்பதையே போடுங்கள்.

ஜூன் 16

இரிடியம் பிளக்கில் இடைவெளி சரி செய்வது பற்றி. நடு முனை 0.4 அல்லது 0.6 மி.மீ. தடிமன்தான். உருகுநிலை 2,400 டிகிரிக்கு மேல் என்றாலும் பக்கவாட்டில் நெம்பினால் பட்டென்று முறியும். காசு வடிவ அளவுகோலை நடுவில் விட்டு நெம்பாதீர்கள். கம்பி அளவுகோலால் பாருங்கள், திருத்தம் வேண்டும் என்றால் ஓரப் பட்டையை மட்டும் வளையுங்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம்.

ஜூன் 20

இறுக்குவது எவ்வளவு? 14 மி.மீ. மரை, அலுமினிய ஹெட், வாஷர் வைத்த பிளக் என்றால் பொதுவாக 25–30 நியூட்டன் மீட்டர். டார்க் ஸ்பேனர் இல்லையென்றால் கையால் உட்காரும் வரை திருகிவிட்டு, புது பிளக்கை இன்னும் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை. வாஷர் இல்லாத கூம்பு அடி பிளக்குக்குப் பதினாறில் ஒரு சுற்று, அதற்கு மேல் கை வைக்காதீர்கள். மரையில் கிரீஸ் தடவுவது பல பேருக்குப் பழக்கம். தடவினால் வழுக்கிக்கொண்டு போகும், அதே டார்க்கில் அளவுக்கு மீறி இறுகிவிடும். முலாம் பூசிய பிளக்குக்கு அது தேவையே இல்லை, என்ஜிகேயும் வேண்டாம் என்றுதான் சொல்கிறது.